மூளை நலனுக்கான ஃபிளேவனாய்டு உணவுமுறை: எந்த வரிசையில், எப்படி

ஃபிளேவனாய்டு என்னும் தாவரச் சேர்மங்கள் நிறைந்த உணவை வழக்கமாக உண்பவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று எங்கேனும் படித்ததும், பலர் அன்றைக்கே ஒரு மாத்திரைப் புட்டியையோ நாலைந்து பெட்டி பெர்ரிப் பழங்களையோ வாங்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் பழம் அலுத்துவிடுகிறது. மாத்திரை அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. இந்த மாற்றத்திற்கு முயன்ற பலரையும் அருகிலிருந்து கவனித்த அளவில், அவர்கள் தடுமாறுவது படிகளின் வரிசையில்தான். கடைசியில் யோசிக்கவேண்டிய மாத்திரையை முதலில் யோசிக்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டிய மருந்துப் பட்டியலைக் கடைசிவரை பார்ப்பதே இல்லை.

தொடங்கும் முன் மூன்று பொருள்கள் கையில் இருக்கவேண்டும்: ஒரு குறிப்பேடு, தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல் (வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரைகளும் இதில் அடக்கம்), அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கை. எடைபோடும் தராசு தேவையில்லை. மில்லிகிராம் கணக்கும் தேவையில்லை. காரணம் முதல் படியிலேயே விளங்கும்.

1. எதிர்பார்ப்பை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் கைவிடுகிறார்கள். ஆகவே, ஆய்வுகள் உண்மையில் எதைக் காட்டின என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், 50 வயதைக் கடந்த சுமார் 2,800 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆந்தோசயனின் என்னும் ஃபிளேவனாய்டு வகையை மிகக் குறைவாக உட்கொண்டவர்களுக்கு அல்சைமர் மற்றும் அதைச் சார்ந்த மறதிநோய்கள் வரும் வாய்ப்பு, அதிகமாக உட்கொண்டவர்களைவிடச் சுமார் நான்கு மடங்காக இருந்தது. இங்கே 'அதிகம்' என்பது எவ்வளவு என்பதுதான் கவனிக்கவேண்டியது: மாதத்திற்கு ஏழரைக் கோப்பை புளூபெர்ரி அல்லது ஸ்ட்ராபெர்ரி, எட்டு ஆப்பிள் அல்லது பேரிக்காய், பத்தொன்பது கோப்பை தேநீர். 'குறைவு' என்பது மாதத்திற்கு ஒன்றரை ஆப்பிள். பெர்ரியும் தேநீரும் அறவே இல்லை. அதாவது, ஒன்றுமே இல்லாத நிலைக்கும் ஓரளவு வழக்கமாக உண்ணும் நிலைக்கும் இடையில்தான் பெரிய வேறுபாடு தெரிகிறது. கூடை கூடையாக உண்பதற்கு அங்கே தேவை எதுவும் தென்படவில்லை.

2021-இல் 77,000-க்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்களின் தரவுகளைக்கொண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், நாளொன்றுக்குச் சராசரியாக 600 மில்லிகிராம் ஃபிளேவனாய்டு உட்கொண்டவர்கள், 150 மில்லிகிராம் மட்டுமே உட்கொண்டவர்களைவிட, தங்கள் நினைவாற்றல் குன்றுவதாக உணரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. பார்கின்சன் நோயைப் பொறுத்தவரை, சுமார் 1,30,000 பேரைக்கொண்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வில், ஃபிளேவனாய்டு அதிகம் உண்ட ஆண்களிடம் நோய் 40 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது; பெண்களிடம் மொத்த அளவுக்கும் நோய்க்கும் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இவை அனைத்தும் கவனித்து அறிந்த தொடர்புகளே. பழமும் காய்கறியும் அதிகம் உண்பவர்கள் புகைபிடிப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். ஆய்வாளர்கள் கணக்கில் இவற்றைக் கழித்தாலும் முழுவதும் கழிந்துவிடும் என்று சொல்லமுடியாது. சேர்த்துப் பார்க்கவேண்டிய மறுபக்கமும் உண்டு. பெர்ரியையும் கீரையையும் முன்னிறுத்தும் மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2023-இல் வெளியிட்டபோது, கலோரியை மட்டும் சற்றே குறைத்த ஒப்பீட்டுக் குழுவுக்கும் அவர்களுக்கும் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அதே 2023-இல், 3,562 முதியவர்களுக்கு நாள்தோறும் கொக்கோவிலுள்ள கேட்டச்சின் வகை ஃபிளேவனாய்டுகளை 500 மில்லிகிராம் கொடுத்த காஸ்மாஸ்-வெப் சோதனையிலும், எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் நினைவாற்றலில் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. ஆனால் தொடக்கத்தில் உணவின் தரம் தாழ்ந்திருந்தவர்களிடமும் இந்தச் சத்தைக் குறைவாக உண்டுவந்தவர்களிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கண்டறிதலையே சார்ந்து நிற்கிறது: குறையை நிரப்புவதுதான் வேலை, நிறைந்ததன்மேல் ஊற்றுவதில் பயன் இல்லை.

2. மருந்துப் பட்டியலைச் சரிபாருங்கள்

உணவுதானே என்று அலட்சியமாக இருக்கக்கூடிய இடம் இதுவன்று. பட்டியலை வைத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பத்து நிமிடம் பேசினால் போதும். எதைக் கேட்பது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக்கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை விலக்கவேண்டியதில்லை, வாரத்திற்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால், மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

கிரேப்ஃபுரூட் என்னும் பெரிய புளிப்புப் பழம் சிம்வாஸ்டேட்டின் போன்ற கொழுப்பு மருந்துகளையும், ஃபெலோடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளையும் இரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கச்செய்யும். குடலில் அம்மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அப்பழத்தின் சேர்மங்கள் முடக்கிவிடுவதே காரணம். ஒரே ஒரு பழத்தின் விளைவுகூட ஒரு நாளைத் தாண்டி நீடிக்கலாம் என்பதால், காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரிப்பது பாதுகாப்பாகாது. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு மாறிவிடுவதே வழி.

தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் சோயா உணவை மாத்திரைக்கு அருகில் உண்ணக்கூடாது. சோயா அம்மருந்தின் உறிஞ்சுதலைத் தடுக்கிறது. பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கும் இதையொத்த சிக்கல் உண்டு. சோயாவின் புரதம் குடலில் அம்மருந்தோடு போட்டியிடும். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்கள் உணவோடு தேநீர் அருந்தினால் தாவர உணவின் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக எந்தப் பழம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்காமல் மேற்கொண்டு செல்லவேண்டாம்.

3. ஏழு நாள் உணவுக் குறிப்பு எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், வழக்கமாக உண்பதை ஏழு நாள் எழுதுங்கள். மாற்றத்தையும் குறிப்பையும் ஒரே நாளில் தொடங்குபவர்களின் குறிப்பேட்டில் அவர்களுடைய ஆசைதான் பதிவாகும், அவர்களுடைய உணவு பதிவாகாது.

பெரும்பாலான குறிப்பேடுகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். 'மதியம்: சாப்பாடு, காய்கறி, பழம்' என்று ஒரு வரி இருக்கும். அதைக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. 'மதியம்: உருளைக்கிழங்கு, கேரட், தோல் சீவிய ஆப்பிள் பாதி' என்று எழுதியிருந்தால், அந்த வேளையில் ஃபிளேவனாய்டு குறைவு என்பது உடனே புலப்படும். உருளையிலும் கேரட்டிலும் வேறு சத்துகள் உண்டு. இந்தச் சத்து மிகக் குறைவு. ஆப்பிளின் பங்கில் கணிசமான பகுதி சீவி எறிந்த தோலோடு போய்விட்டது. ஆகவே பெயர், நிறம், தோலோடா தோலின்றியா, பச்சையா சமைத்ததா என்ற நான்கையும் எழுதுங்கள்.

4. எழுதியதை ஆறு வகைகளாகப் பிரியுங்கள்

ஃபிளேவனாய்டு என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரே மூலக்கூறு அடித்தளத்தைப் பகிரும் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் குடும்பப் பெயர். உணவில் வருபவை ஆறு கிளைகளாகப் பிரிகின்றன. ஒரு கிளை மற்றொன்றுக்கு ஈடாவதில்லை என்பதால், கிளைக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள் வரைந்து, குறிப்பேட்டின் ஒவ்வொரு உணவையும் அதற்குரிய கட்டத்தில் எழுதவேண்டும்.

ஆந்தோசயனின்கள் சிவப்பு, ஊதா, கருநீல நிறங்களைத் தருபவை: பெர்ரிகள், கருந்திராட்சை, ஊதா முட்டைக்கோஸ், செர்ரி. பீட்ரூட்டின் சிவப்பும் தக்காளியின் சிவப்பும் இதில் சேரா. அவற்றின் நிறமிகள் வேறு குடும்பத்தவை. புதியவர்கள் இங்கே தவறாமல் தவறுகிறார்கள்.

ஃபிளேவோனால்கள் வெங்காயம், அடர்பச்சைக் கீரைகள், பிராக்கொலி, ஆப்பிள் தோல், தேநீர் ஆகியவற்றில் உள்ளவை. குவர்செட்டின், கேம்ஃபெரால், மிரிசெட்டின் எல்லாம் இக்கிளையைச் சேர்ந்தவை. சிகாகோவில் 921 முதியவர்களிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், ஃபிளேவோனால்களை மிகுதியாக உண்ட குழுவினருக்கு அல்சைமர் வந்தது 48 சதவீதம் குறைவு. அந்த 'மிகுதி' நாளுக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான்.

கேட்டச்சின்கள் தேநீர், கொக்கோ, ஆப்பிள், திராட்சை ஆகியவற்றில் உள்ளன. தேநீர் அருந்தும் பழக்கமுள்ளவர்களின் மொத்தக் கணக்கில் பெரும்பங்கு இக்கிளையிலிருந்தே வரும். ஃபிளேவனோன்கள் ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்களிலும், ஃபிளேவோன்கள் செலரி, பார்ஸ்லி, குடைமிளகாய் போன்றவற்றிலும், ஐசோஃபிளேவோன்கள் சோயாவிலும் உள்ளன.

இப்படிப் பிரித்ததும் படம் தெளிவாகிவிடும். தேநீர் தாராளமாக அருந்தும் ஒருவருக்குக் கேட்டச்சின் கட்டம் நிரம்பி வழியும். ஆந்தோசயனின் கட்டம் ஏழு நாளும் வெறுமையாக இருக்கும். மொத்த மில்லிகிராமைக் கூட்டிப் பார்த்தால் அவர் நன்றாக உண்பவர் என்றே தோன்றும். மில்லிகிராம் கணக்கு தேவையில்லை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. வெறுமையான கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புங்கள்

முதலில் ஆந்தோசயனின், அடுத்து ஃபிளேவோனால், பிறகு மற்றவை. மூளை நோய்கள் பற்றிய நீண்டகால ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னிற்பவை முதல் இரண்டும்தான் என்பதால் இந்த வரிசை. ஒரு கட்டம் நிலைப்பட மூன்று, நான்கு வாரங்கள் கொடுங்கள். ஒரே நாளில் ஆறையும் தொடங்கினால் எது வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்பதுகூடத் தெரியாது.

புதிதாகச் சேர்ப்பதைவிட, இருப்பதற்கு மாற்றாக வைப்பது நிலைக்கும். மாலைச் சிற்றுண்டியாக இனிப்பு பிஸ்கட் இருந்தால், அதன் இடத்தில் ஒரு கைப்பிடி கருந்திராட்சையோ பெர்ரியோ வரட்டும். வெள்ளை முட்டைக்கோஸுக்குப் பதில் ஊதா முட்டைக்கோஸ் வாங்கினால், சமையலில் வேறெதையும் மாற்றாமலேயே ஒரு கட்டம் நிரம்பிவிடும். செவிலியர் நல ஆய்வில் 70 வயதைக் கடந்த 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தபோது, வாரத்திற்கு ஒருமுறை புளூபெர்ரியோ இருமுறை ஸ்ட்ராபெர்ரியோ உண்டவர்களிடம் அறிவாற்றல் தேய்வு இரண்டரை ஆண்டுகள் வரை தாமதமாகத் தெரிந்தது. ஆகவே வாரத்திற்கு இரண்டு, மூன்று வேளை என்பதே தொடக்க இலக்காகப் போதும்.

பழச்சாறை மாற்றாகக் கொள்ளவேண்டாம். நார்ச்சத்து போய்விடுகிறது, சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது, நீரிழிவு மறதிநோய்க்கான அறியப்பட்ட காரணிகளில் ஒன்று. சிவப்பு ஒயினில் ஃபிளேவனாய்டு இருப்பது உண்மைதான். அதற்காக மது அருந்தத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

6. சமையலறையில் இழப்பதைத் தடுங்கள்

வாங்கும்போது இருப்பதற்கும் தட்டில் வரும்போது எஞ்சுவதற்கும் இடையில் பாதி போய்விடக்கூடும். பெரும்பாலான இழப்பு நெருப்பால் வருவதில்லை. தண்ணீராலும் கத்தியாலும் வருகிறது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குவர்செட்டின் வெளியடுக்குகளில் செறிந்து, உள்ளே போகப்போகக் குறைகிறது. காய்ந்த தோலை உரித்தபின், லேசாக நிறமேறிய முதல் சதையடுக்கையும் வழவழப்பாக இல்லை என்று சேர்த்து உரித்து எறிவது பலருடைய வழக்கம். அந்த ஓர் அடுக்கோடு செறிவான பகுதி போய்விடுகிறது. காய்ந்த தோலை மட்டும் நீக்கி, அந்த அடுக்கைப் பொடியாக நறுக்கினால் அதன் கடினம் தெரியாது. வெள்ளை வெங்காயத்தில் குவர்செட்டின் மிகக் குறைவு. சிவப்பில் அது மிகுதி, கூடவே ஆந்தோசயனினும் உண்டு. வதக்கும்போது இழப்பு குறைவு. நிறைய நீரில் வேகவைத்தால் ஒரு பங்கு நீரில் இறங்கிவிடும். அந்த நீரைக் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்துவிட்டால் இழப்பில்லை. கீரைக்கும் பிராக்கொலிக்கும் இதே விதி.

நிறம் மங்காமலிருக்கச் சமையல் சோடா சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காரத்தன்மையில் ஆந்தோசயனின் சிதைகிறது. ஊதா முட்டைக்கோஸ் நீலமாக மாறுவது அதன் கண்கூடான அடையாளம். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சிவந்த ஊதா நிறம் நிலைக்கும், சேர்மமும் நிலைக்கும்.

ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின் என்னும் ஃபிளேவனோன் பெரும்பாலும் சுளையைச் சுற்றிய வெண்ணாரிலும் மெல்லிய சவ்விலும் இருக்கிறது. நாரை முழுவதும் சுத்தமாக உரித்து உண்பவர்கள் அதைத்தான் குப்பையில் போடுகிறார்கள். பெர்ரிகளை உறையவைத்து வைத்துக்கொள்ளலாம். உறைநிலையில் ஆந்தோசயனின் நன்றாகத் தாங்கும். அறைவெப்பத்தில் மாதக்கணக்கில் இருக்கும் ஜாமில் அது தாங்காது.

கொக்கோவுக்கு உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'காரம் சேர்த்துப் பதப்படுத்தியது' என்று இருந்தால் கசப்போடு கேட்டச்சின்களில் பெரும்பகுதியும் போய்விட்டது என்று பொருள். 2008-இல் வெளியான ஓர் அளவீட்டில், இயற்கைக் கொக்கோத் தூளில் கிராமுக்குச் சுமார் 34 மில்லிகிராம் இருந்தது. கடுமையாகக் காரப் பதப்படுத்திய தூளில் அது நான்குக்கும் கீழே இறங்கியிருந்தது. தூள் கறுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்ற எண்ணம் இங்கே நேர்மாறானது. சாக்லேட் கட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம் என்பது என் கருத்து. சர்க்கரையும் கொழுப்பும் ஆதாயத்தை விழுங்கிவிடும்.

பழங்களை அரைத்துப் பானமாக அருந்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. வாழைப்பழத்தில் மிகுந்துள்ள ஒரு நொதி, காற்றுப்பட்டதும் கேட்டச்சின்களை ஆக்சிஜனேற்றம் செய்து உருமாற்றிவிடும்; வெட்டிய வாழைப்பழம் கறுப்பதும் இதனால்தான். 2023-இல் வெளியான சிறு சோதனையில், வாழைப்பழம் சேர்த்த பானத்தை அருந்தியவர்களின் இரத்தத்தில் கேட்டச்சின் வழிப்பொருள்கள் 84 சதவீதம் குறைவாக இருந்தன. வாழைப்பழத்தைத் தனியே, வேறு வேளையில் உண்ணுங்கள்.

தேநீரை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிடவேண்டும். பால் சேர்ப்பது பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், அதை விடச்சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்வேன்.

7. நாள் முழுதும் பரப்பி உண்ணுங்கள்

உண்ட ஃபிளேவனாய்டு அப்படியே மூளைக்குச் செல்வதில்லை. ஒரு பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, குடல்சுவரிலும் கல்லீரலிலும் உருமாறுகிறது; எஞ்சிய பெரும்பகுதி பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைந்தபின் இரத்தத்தில் சேர்கிறது. கேட்டச்சின்கள் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். குவர்செட்டின் வழிப்பொருள்கள் ஏறக்குறைய ஒரு நாள் தங்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பழம் உண்பதைவிட, நாள்தோறும் இரண்டு வேளைகளில் சிறிது சிறிதாக உண்பது பொருத்தமானது.

நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே உணவின் பலனும் வேறுபடும். சோயாவிலிருந்து ஈக்குவால் என்னும் செயலூக்கமுள்ள பொருளை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எல்லோருக்கும் இருப்பதில்லை. பயறு, முழுதானியம் போன்ற நார்ச்சத்து உணவுகளையும் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த நுண்ணுயிர்களுக்கு அவை தீனி.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மதிப்பெண்ணைப் பார்த்து உணவைத் தேர்வுசெய்வது பரவலான பிழை. சோதனைக்குழாயில் அளந்த அந்த மதிப்பு உடலுக்குள் பொருந்தாது. இரத்தத்தில் சேரும் அளவு அதற்கு மிகச் சிறியது. அம்மதிப்புகளைப் பட்டியலிட்ட தன் அட்டவணையை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் விலக்கிக்கொண்டது. தற்போதைய புரிதலின்படி, இரத்தக் குழாய்கள் விரிந்து மூளைக்கு இரத்த ஓட்டம் மேம்படுவதும், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவின் அழற்சி தணிவதும், நரம்புச் செல்களின் இணைப்புகளைக் காக்கும் சமிக்ஞைகள் தூண்டப்படுவதும்தான் செயல்வழிகளாகக் கருதப்படுகின்றன.

8. மாத்திரையைக் கடைசியில் யோசியுங்கள்

இதுவரையிலான படிகளைச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். மாத்திரையாக அதிகம் விற்பனையாகும் ஃபிளேவோனால் குவர்செட்டின். மேலே சொன்ன சிகாகோ ஆய்வில் அல்சைமரோடு தொடர்பு காட்டியவை கேம்ஃபெரால், மிரிசெட்டின், ஐசோராம்னெட்டின் ஆகியவை. குவர்செட்டின் தனியாகத் தொடர்பு காட்டவில்லை.

அடுத்தது பாதுகாப்பு. பசுந்தேயிலைச் சாற்று மாத்திரைகளில் உள்ள முக்கியக் கேட்டச்சினை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. கோப்பைத் தேநீரில் எட்டமுடியாத செறிவு ஒரே மாத்திரையில், அதுவும் வெறும் வயிற்றில் செல்லும்போது, அது வேறொரு பொருளாகவே நடந்துகொள்கிறது.

9. மூன்று மாதத்திற்கு ஒருமுறை குறிப்பேட்டைத் திறவுங்கள்

மூன்றாவது படியில் செய்த ஏழு நாள் குறிப்பை மறுபடி எழுதி, ஆறு கட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பருவம் மாறும்போது பழம் கிடைக்காமல் ஆந்தோசயனின் கட்டம்தான் முதலில் காலியாகும். உறையவைத்த பழமோ ஊதா முட்டைக்கோஸோ அப்போது கைகொடுக்கும். நினைவாற்றல் கூடியிருக்கிறதா என்று கைப்பேசி விளையாட்டுகளில் சோதிக்கவேண்டாம். அல்சைமரின் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்குகின்றன. மூன்று மாதத்தில் அளக்கக்கூடிய பொருள் அங்கே இல்லை. அளக்கக்கூடியவை இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும். அவை இரண்டும் மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணிகள் என்பதால், குறிப்பேட்டில் அவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பழகிய வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது, ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது, கை நடுக்கம், நடை மெதுவாவது ஆகியவற்றில் எதையேனும் உங்களிடமோ வீட்டாரிடமோ கண்டால், உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கவேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே அறிகுறிகளில் சிலவற்றைத் தரக்கூடும், அவற்றைச் சரிசெய்யமுடியும். மருத்துவரிடம் செல்லும்போது மருந்துப் பட்டியலோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச்செல்லுங்கள்.